பொன்னம்மை தேடியவை

ரயில் நேரம் பார்க்கத்தான் மனைவி பொன்னம்மையின் ஃபோனை எடுத்தார் அழகியநம்பி. தேடும் கட்டத்தைத் தொட்டதும், முன்பு தேடியது தானாக வந்து நின்றது. மலையாளத்தில். பொன்னம்மை பள்ளிக்கூடத்தில் படித்தது அதில்தானே.

‘கணவர் வீட்டில் பேசாமலே இருந்தால் என்ன செய்வது?’

கரமனை ஆற்றில் இறங்கியதுபோலக் கால் குளிர்ந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ஷிபுவிடம் மட்டும் சொன்னார், ஃபோனைப் பார்த்ததை மறைத்துவிட்டு.

“இனிமே வீட்ல நல்லாப் பேசப்போறேன்டே.”

“அது கொள்ளாம் சேட்டா, நல்ல காரியம்.”

அன்று மாலை, கிழக்கேகோட்டை பஸ்கள் தாமதமாவதன் காரணங்களை ஒரு மணி நேரம் விளக்கினார். பொன்னம்மை வெண்டைக்காயை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டாள்.

“காய்ச்சலும் இல்லையே.”

காலையில் ரகசியமாய்ப் பார்த்தார். ‘கணவர் திடீரென்று ஓயாமல் பேசினால் அது எந்த நோய்?’

“இன்னைக்குப் பிச்சிப்பூ வாங்கிட்டுப் போகணும்,” என்றார் ஷிபுவிடம்.

“எத்தனை முழம் சேட்டா?”

“மூணு.”

பூவைப் பார்த்ததும் பொன்னம்மை கேட்டாள், “என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“பதினெட்டு வருசமா வராத சும்மாவா?”

மறுநாள் காலை: ‘காரணமில்லாமல் பூ வாங்கும் கணவருக்கு வேறு பெண் இருக்குமா?’

நம்பிக்கைதான் பிரச்சினை என்று புரிந்தது. இனிக் கண்முன்னாலேயே இருப்பதென்று முடிவு செய்து, ஷிபுவிடம் சொல்லிவிட்டு மூன்று நாள் லீவு போட்டார். சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“கொஞ்சம் நகருங்க. ஃபிரிட்ஜைத் திறக்கணும்.”

நகர்ந்தார். வெளியே போகவில்லை.

மூன்றாம் நாள் மாலை: ‘விவாகரத்து வக்கீல், எனக்கு அருகில்.’

அழகியநம்பி ஸ்டூலை விட்டு எழுந்தார். “பொன்னம்மை, வக்கீல் எல்லாம் வேண்டாம்.”

“எந்த வக்கீல்?”

“ஃபோன்ல எல்லாம் பாத்துட்டேன்.”

“நான் அதுல எங்க அக்காகிட்டப் பேசுறதோட சரி. உங்களுக்கு என்னவாக்கும் ஆச்சு?”

அவர் நம்பவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது ஷிபு சவரம்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவனும் லீவாம்.

“சேட்டா, நீங்க சொன்னதை எல்லாம் அன்னன்னைக்கே நானும் வீட்ல செஞ்சு பாத்தேன். என் பொண்டாட்டி ஷிஜா இப்போ முகம் குடுத்துப் பேசுறதே இல்ல,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒரு உபகாரம் செய்யணும். உங்க வீட்டுக்கு நான் வித்த அந்தப் பழைய ஃபோன்ல அவ அக்கவுண்ட் இன்னும் அப்படியே கிடக்கு, இப்போ அவ தேடுறதும் அதுல வரும். அவ மனசுல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”