சுருக்குப் பைக்குள் ஒரு வாழைப்பழம்

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, கூச்சம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தக் கூச்சத்தால் ஒரு கல்யாண வீட்டையே அழ வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. கல்கத்தா கார்டன் ரீச்சில், நாங்கள் கீழே, மாடியில் பௌதி (அண்ணியை வங்காளத்தில் இப்படித்தான் கூப்பிடுவார்கள். தெருவே கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன்). ஒரு கல்யாணத்துக்கு நான் மஞ்சள் பையோடு கிளம்பியதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து பட்டுச் சுருக்குப் பை ஒன்றை எடுத்துக் கையில் திணித்தாள். அவள் மாமியாருடைய பாட்டி தாம்பூலம் வைத்திருந்ததாம். சந்தன நிறப் பட்டில் தாமரையும் இரண்டு மீனும் நூலாலேயே நீந்தின.

"பத்து நாள்ல என் பொண்ணு மிட்டு கல்யாணம். சீர்த்தட்டுல இதைத்தான் முதல்ல வைக்கணும். பத்திரம் தீதி" என்றாள். தீதி என்றால் அக்கா. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பையைப் பத்திரமாகத்தான் திருப்பினேன். ஆனால் இரவல் வாங்கியதை வெறுமனே கொடுக்கலாமா? கழுவின வெற்றிலை, காகிதத்தில் மடித்த குங்குமம், நன்றாகப் பழுத்த சின்ன வாழைப்பழம் ஒன்று. மாடியில் விருந்தாளிகள். வாசலிலேயே நீட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். "உள்ளே பழம் இருக்கு." மூன்றே வார்த்தை. அதைச் சொல்லவில்லை. அவள் பேச்சு சுவாரசியத்தில் பையை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆனி மாதப் புழுக்கம் வேறு. எலி செத்துக் கிடக்கிறது என்று ஒரு வாரம் கட்டிலுக்கடியில் தேடினார்களாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தட்டு அடுக்கக் கூடியிருந்தோம். பௌதி பையைத் திறந்தாள். உள்ளே கறுப்பாய்க் கூழ், எறும்பு. குங்குமம் ஊறி, மீன் இரண்டும் அரிந்து போட்டது போல் சிவந்திருந்தன. கல்யாணப் பெண் மிட்டு ஓவென்று அழுதாள்.

பௌதி வேலைக்கார மாலதி பக்கம் திரும்பினாள். "அலமாரியைத் துடைச்சது நீதானே? திங்கறதுக்கு எடுத்து ஒளிச்சு வச்சியா?"

"காளி மேல சத்தியமா நான் இல்லை பௌதி."

"நாளையிலிருந்து வராதே."

மாலதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். அவள் ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். அப்போதுதான், இருபது வருஷத்தில் கற்ற வங்காளி மொத்தத்தையும் திரட்டிச் சொன்னேன்: "கலா ஆமார்." வாழைப்பழம் என்னுடையது.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏன் வைத்தேன் என்று விளக்க எனக்கு வங்காளி போதவில்லை. பட்டுப் பையில் பழத்தைப் பதுக்கும் மதராஸிக்காரியாக நின்றேன்.

மாலதியின் வேலை தப்பியது. பை மிட்டுவோடு போகவில்லை. இன்றும் அதே அலமாரியில், மீன்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வீட்டில் டம்ளர் உடைந்தால்கூட, "கலா ஆமார்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பான் என் மகன். விஜயதசமிக்கு டப்பாவில் இனிப்பு கொண்டுவரும் பௌதி, வாசலிலேயே மூடியைத் திறந்து காட்டுவாள்: "பார்த்துக்கோ தீதி, சந்தேஷ் மட்டும்தான்."

அந்த டப்பாவை நான் இப்போதும் வெறுமனே திருப்புவதில்லை. ஆனால் முதல் படியிலிருந்தே, "சீனி இருக்கு, சீனி" என்று கத்திக்கொண்டேதான் மாடி ஏறுகிறேன்.