மருந்துக்கு எத்தனை மார்க்?

ஒரு காட்டில் காய்ச்சல் வந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், காய்ச்சலே அதைக் கேட்கவில்லை. மருந்தும் வந்தது, கொஞ்சம்தான். நம்புகிற கூட்டத்துக்குத்தான் கொடுப்பேன் என்று சிங்கம் சொல்லிவிட்டது. நம்பிக்கையை அளந்து வரச் சொல்லி நரியிடம் ஒரு படிவம் கொடுத்தது. ஒரே கேள்வி. மருந்தைச் சுத்தமாக நம்பவில்லை என்றால் ஒன்று, முழுசாக நம்பினால் ஐந்து.

மான்களுக்கு ஒரு வழக்கம். வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்வதில்லை.

"மருந்தை நம்புறீங்களா?" என்றது நரி.

"நம்பாம என்ன, அஞ்சே போட்டுக்குங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றது பெரிய மான்.

அடுத்து முள்ளம்பன்றி வீடு. அங்கே மகள் ஊசிமணி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். முள்ளம்பன்றிகளோ எதையும் நல்லது என்று வாயால் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமாம். மருந்துக்கே கண் பட்டுவிட்டால்?

"என்னத்த மருந்து. ஒண்ணு போடுங்க" என்றாள் அம்மா. "சரி, எப்ப தருவீங்க?"

"ஒண்ணுக்கு மருந்து கிடையாது."

"ஐயோ, அது சும்மா சொன்னதுங்க."

"சும்மான்னு இதுல கட்டம் இல்லம்மா" என்று நரி கிளம்பிவிட்டது.

மருந்து மொத்தமும் மான்களுக்குப் போனது. ஒரு மானும் வாயில் வைக்கவில்லை. முள்ளம்பன்றி நேராக அங்கே போனாள்.

"அஞ்சு போட்டியாமே அக்கா, குடிக்கலையா?"

"வந்தவர் முகம் வாடக் கூடாதேன்னு போட்டேன். அந்தக் கசப்பை யாரு குடிப்பா?"

"அப்ப எனக்குக் குடு."

வாசலில் நின்று கேட்கிறாள். மான் என்ன செய்யும்? பெட்டியோடு கொடுத்துவிட்டது.

ஊசிமணி மறுநாளே எழுந்து கிழங்கு கேட்டாள். மிச்சத்தை மற்ற முள்ளம்பன்றிகள் குடித்தன. அடுத்த வாரம் மான்கள் வரிசையாகப் படுத்தன.

நரி மறுபடி வந்தது. மான்கள் இருமிக்கொண்டே ஐந்து போட்டன. முள்ளம்பன்றி, குதிக்கிற மகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஏதோ சுமார், ஒண்ணு" என்றாள்.

நரி அறிக்கை எழுதியது: மருந்தை நம்பியவர்களுக்கு நோய், நம்பாதவர்களுக்குக் குணம். சிங்கம் படித்துவிட்டு, இனி காட்டில் யாரும் மருந்தை நம்பக் கூடாது என்று உத்தரவு போட்டது. மான்கள் படுத்தபடியே அதற்கும் சரி என்றன.

நீதி: மருந்தை நம்பாதீர்கள். நம்புகிறேன் என்று சொல்பவர் வீட்டில் போய் வாங்கிக் குடியுங்கள்.