இருபத்துநாலு குடும்பங்களின் கலப்பிரிவு

1978ஆம் ஆண்டு, சிட்னி பென்டில் ஹில்லில் இருந்த செந்தமிழர் ஐக்கிய சங்கம் பிரிவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சங்கம் ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானம் அதுதான். பொங்கல் விழாவில் குத்துவிளக்கை முதலில் ஏற்றுவது தலைவர் கதிர்காமநாதனா, செயலாளர் மகாதேவனா என்பதே வழக்கு.

சங்கத்தில் படிப்பிக்கிற யோகா ரீச்சர்தான் உடனே கணக்குப் பார்த்தா. இருபது குடும்பமாவது உள்ள சங்கத்துக்குத்தான் நகரசபை சனிக்கிழமைகளில் இலவசமாக அறை கொடுக்கும். இருப்பதே இருபத்துநாலு. பாதியாய்ப் பிரிந்தால் அவ நடத்துகிற தமிழ் வகுப்பு நடுத்தெருவில். ஊரில் உயிரியல் படிப்பித்தவ அல்லவா, இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, உடம்பிலுள்ள கலங்கள், அதாவது செல்கள், இரண்டு விதமாய்ப் பிரியும் என்று விளங்கப்படுத்தினா.

"ஒடுக்கற்பிரிவிலை ஒண்டு நாலாகும். ஒவ்வொண்டிலும் பாதிதான் இருக்கும்."

"நாலு தலைவரோ?" கதிர்காமநாதனின் முகம் மலர்ந்தது.

"ஆளுக்குப் பன்னிரண்டு குடும்பம், அண்ணை. அறை கிடையாது. இழையுருப்பிரிவு அப்பிடியில்லை. முதல்லை எல்லாத்தையும் பிரதி எடுத்துப்போட்டுத்தான் கலம் இரண்டாகும். இரண்டிலும் முழுக் கணக்கும் இருக்கும்."

அப்படியே பிரதி எடுத்தார்கள். இருபத்துநாலு குடும்பமும் இரண்டு பட்டியலிலும் கையெழுத்து வைத்தன. நகரசபை உத்தியோகத்தர் இரண்டு விண்ணப்பத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று கேட்டார். ஒழுங்காகப் பிரிந்தால் வேறுபாடே இருக்கக் கூடாது என்றா ரீச்சர். படிவத்தில் பிழை ஒன்றும் இல்லாதபடியால் அவர் ஒரு சங்கத்துக்குக் காலையிலும் மற்றதற்குப் பின்னேரமும் அறையை எழுதிக் கொடுத்தார்.

தலைவர் இரண்டு, முத்திரை இரண்டு, குத்துவிளக்கு இரண்டு. ரீச்சர் மட்டும் ஓராள். காலையில் அ, ஆ சொல்லிக் கொடுத்த அதே பிள்ளைகளுக்குப் பின்னேரமும் அ, ஆ சொல்லிக் கொடுத்தா.

மூன்றாம் மாதம் இரண்டு சங்கமும் அவவுக்குக் கடிதம் அனுப்பின. சொல்லுக்குச் சொல் ஒரே கடிதம்: "மற்றச் சங்கத்திலும் படிப்பிக்கும் தங்களை எமது சங்கத்துக்கு விசுவாசமானவராகக் கருத இயலாமையால், இத்தால் விலக்குகிறோம்."

ரீச்சர் இரண்டு கடிதத்தையும் ஒரே கோப்பில் போட்டா. மூன்றாம் நாள் நகரசபைக்குப் போய்ப் புதுப் படிவம் எடுத்து வந்தா. கதிர்காமநாதன், மகாதேவன் உட்பட இருபத்துமூன்று குடும்பமும் மறுபேச்சின்றிக் கையெழுத்து வைத்தன. மிச்சம் அவவின் புருசன் ஜெயரட்ணம்தான்.

"மூண்டாய்ப் பிரியிற கலம் எந்தப் புத்தகத்திலையப்பா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"கேள்வி கேக்கிறதெண்டால் பொதுக்கூட்டத்திலை கேளுங்கோ," என்றா தலைவி.