பதினைந்து நாட்களுக்குள் தேறி வரவும்

அன்புள்ள தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல் என்ற வரியை மட்டும் வழக்கம்போல் எழுதித் தள்ளிவிட மனம் வரவில்லை. டாக்டரே நல்ல முன்னேற்றம் என்று சொன்ன பிறகும், ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டியதில் நான்கோடு போதும், மீதி இரண்டுக்குப் போக மாட்டேன் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். நானும் "சரிம்மா, வச்சிடட்டுமா?" என்று வைத்துவிட்டேன். அதைப்பற்றி இந்தக் கடிதத்தில் மூச்சு விட மாட்டேன். உன் உடம்பு, உன் முடிவு. நான் எழுத வந்தது அட்டை விவகாரம்.

உனக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்ததைப் பொறுக்காமல், பெரிய நோயோடு ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் உட்கார்ந்து கையாலேயே தைரிய அட்டை செய்கிற கூட்டத்தில் உன் அண்ணி என்னைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள். தலைவி, பூக்கடை அம்மா. அவர் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்ததால் நான் எதிர்த்துப் பேசவில்லை. முதல் அட்டையில் சூரியன் வரைந்தேன். "ஆம்லெட் நல்லாத்தான் இருக்கு ஐயா, ஆனா மருந்து ஏத்துறவங்களுக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும்" என்றார். அடுத்து வண்ணத்துப்பூச்சி ஒட்டப் போய் என் சட்டைக் கையையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். "படமே வேணாம். உள்ள நாலு வரி, மனசுல தோணுறதை எழுதுங்க, போதும்" என்றார். முப்பத்தைந்து வருடம் அலுவலகக் கடிதமே எழுதியவன் மனதில் வேறென்ன தோன்றும்? பேனா தானாக ஓடிற்று: "பொருள்: தாங்கள் குணமடைதல் தொடர்பாக. பார்வை: தாங்கள் இந்த வார்டில் அனுமதிக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் தேறி வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறினால் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்." இப்படிப் பன்னிரண்டு அட்டை. ஒருவரும் திறந்து பார்க்காமல் அத்தனையும் உறைக்குள் போய், வார்டுக்கும் போய்விட்டன.

விஷயம் தெரிந்ததும் பூக்கடை அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "நோயாளிங்களுக்கு மெமோவா குடுத்தீங்க?" என்று கேட்டு, என்னை உறைக்குப் பசை தடவும் வேலைக்கு இறக்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை தலைமை நர்ஸே ஒரு பையோடு வந்து நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். பைக்குள் பன்னிரண்டு விளக்கங்கள்! ஏழாம் படுக்கை லாரி டிரைவர், "வெள்ளை அணுக்கள் ஒத்துழைக்காததால் மூன்று வாரம் அவகாசம் வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்தார். ஒரு தையல்காரம்மா, "என் தலைமுடி முன்அனுமதியின்றி விடுப்பில் சென்றுள்ளது, திரும்பியதும் தகவல் தெரிவிக்கப்படும்" என்கிறார். இரண்டு நாளாக எழுந்திருக்காத ஒருவர், இதை எழுதத்தான் எழுந்து உட்கார்ந்தாராம், அதையே முன்னேற்றமாகக் கருத வேண்டுமாம். "வார்டே விழுந்து விழுந்து சிரிக்குது சார். அடுத்த உத்தரவு எப்ப வரும்னு கேக்குறாங்க" என்றார் நர்ஸ். நான் அழிக்கும் ரப்பரில் முத்திரை வெட்டி, அத்தனை பேருக்கும் அவகாசம் வழங்கினேன். வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சந்தோஷமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

உனக்கு மட்டும் இன்னும் ஒரு அட்டையும் செய்யவில்லை. உனக்கு உத்தரவு போடும் தைரியம் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிடையாது. ஆகவே, உன்னை வற்புறுத்த மாட்டேன், நேரில் வந்து தொந்தரவும் செய்ய மாட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நூறு வயதுவரை நீ எங்களை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அண்ணன்

பி.கு.: இதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "இதை எழுதவா இவ்வளவு நேரம்?" என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். வற்புறுத்த மாட்டேன், வர மாட்டேன் என்றதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடுத்த மருந்துக்கு வியாழக்கிழமை தேதி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். புதன் மாலை வந்து இறங்குகிறோம். கதவைத் திறக்காவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்து அண்ணி பாடுவாள், தெரு தாங்காது. இரண்டே முறைதான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நீ ஒருத்திதான் தங்கை. பயமாக இருக்கிறது, வாலு. போகலாம், வா.