டி.டி.ஆர். எழுந்து நின்ற ஞாயிறுகள்

எங்கள் பங்கில் நடந்த கல்யாணங்கள் எல்லாமே கடவுள் சம்மதித்து, டி.டி.ஆர். சம்மதிக்காமல் நடந்தவை. இதற்கு ஒரு விதிவிலக்குகூடக் கிடையாது. நான் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். எங்களுடையது திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஞாயிறு காலை ஆறரைக்குத் தெலுங்குப் பூசை, எட்டு மணிக்குத் தமிழ்ப் பூசை. பங்குச் சாமியார் குண்டூர்ப் பக்கத்துக்காரர். தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எங்களில் பலரைவிடத் திருத்தமாக வாசிப்பார். நான் சித்தூர் கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே பங்குப்பேரவையின் செயலாளர் ஆனேன். கோப்பு இல்லாத இடத்தில் எனக்கு மூச்சுவிட வராது.

டி.டி.ஆர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ரயில்வே அவரை ஐம்பத்தெட்டு வயதில் அனுப்பிவிட்டது. அவர் ரயில்வேயை அனுப்பவில்லை. பூசைக்குத் தாமதமாக வருபவர்களைக் கோவில் வாசலிலேயே மடக்குவார்.

“எங்க ஏறின?”

“இப்பத்தாங்க, நற்செய்தி வாசிக்கிறப்ப.”

“நற்செய்தி முடிஞ்சிப் போச்சி. அதுக்கப்புறம் ஏறினா வித்தவுட்டு. போ, அடுத்த பூசைக்கு வா.”

“அடுத்த பூசை அடுத்த வாரந்தானே?”

“அதுவரைக்கும் வெயிட்டிங் ரூம்ல உக்காரு.”

ஆனால் இவையெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் ஓலை.

எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மணமக்களின் பெயர், ஊர், பெற்றோர் விவரத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். கடைசியில், “இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்” என்று ஒரு வாக்கியம் வரும். உலகமெங்கும் கத்தோலிக்கர்கள் அந்த வாக்கியத்தின்போது வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த கறியை நினைத்துக்கொள்வார்கள். டி.டி.ஆர். எழுந்து நிற்பார்.

தடையைப் பூசை முடிந்தபின் தனியாகத் தெரிவிப்பதுதான் முறை. இதை அவருக்குப் பதினோரு முறை எழுத்துமூலம் அறிவித்திருக்கிறேன்.

“தனியா சொன்னா தனியா அமுக்கிருவீங்க, சூப்ரண்டு சார்,” என்பார்.

அந்த வருஷங்களில் அவருக்கு வேலை குறையவே இல்லை. நாடு கதவைத் திறந்துவிட்டிருந்தது. திறந்த கதவு வழியாகப் பொருள் உள்ளே வந்ததோ இல்லையோ, எங்கள் பையன்கள் வெளியே போனார்கள். குவைத், மஸ்கட், பெங்களூர், அதற்கப்புறம் அமெரிக்கா. முன்பெல்லாம் மாப்பிள்ளை பக்கத்து ஏர்பேட்டில் இருப்பான். அவன் பல் விழுந்த வருஷம்கூட எல்லோருக்கும் தெரியும். இப்போது முப்பது நாள் லீவில் விமானத்தில் வந்து இறங்குகிறவனைப் பற்றி அவனுடைய சட்டையைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவனுக்கு மூன்று ஞாயிறு காத்திருக்க நேரமும் கிடையாது. மூன்று ஓலையையும் ஒரே நாளில் வாசிக்க மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், விலக்கு வாங்கி வருவான்.

அப்படி ஒரு மஸ்கட் மாப்பிள்ளைக்கு ஓலை வாசித்தபோது டி.டி.ஆர். எழுந்தார்.

“சாமி, ஞானஸ்நானச் சீட்டுல ஞானப்பிரகாசம்னு கீது. பாஸ்போர்ட்டுல ஜி. பிரகாஷ்னு கீது. பத்திரிகையில ‘பிரின்ஸ்’னு அடிச்சிக்கிறாங்க. இதுல எவன் தாலி கட்டப்போறான்?”

கோவில் சிரிப்பில் குலுங்கியது. பெண்ணின் அப்பா மரியதாஸ், பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருந்தவர், குலுங்கவில்லை. மூவரும் ஒருவரே என்று மாப்பிள்ளையின் ஊரிலிருந்து சான்றிதழ் வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. அந்தத் தாமதத்தால் மாப்பிள்ளை கல்யாணமான நான்காம் நாளே விமானம் ஏறினான். மரியதாஸ் அன்று முதல் டி.டி.ஆரோடு பேசுவதில்லை.

இன்னொரு முறை, தன் இலவச ரயில் பாஸைச் செலவழித்து, திருச்சிப் பக்கம் மாப்பிள்ளையின் ஊருக்கே போய் விசாரித்து வந்தார். பழைய ரிசர்வேஷன் சார்ட்டின் முதுகில் மூன்று பக்க அறிக்கை.

“பையன் தங்கம் சார். குடி கிடி ஒண்ணும் கெடையாது. ஆனா வூட்ல நாய கட்டிப்போடறதில்ல.”

“நாய் தடை இல்லைங்க.”

“தெரியும். குறிச்சி வெச்சிக்குங்க. பொண்ணு நம்ம பொண்ணு.”

எல்லா அறிக்கைகளையும் வரிசை எண் கொடுத்துக் கோப்பில் சேர்த்தேன். திருச்சபைச் சட்டப்படி தடைகள் இன்னின்னவை என்று பட்டியல் உண்டு. வயது குறைவு, முந்தைய மண பந்தம், நெருங்கிய இரத்த உறவு, துறவற வார்த்தைப்பாடு, இப்படி. அவர் கொடுத்தவற்றில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் பொருந்தவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“இத்தனை வருஷத்தில் ஒரு தடையாவது நிலைத்ததா? எதற்கு இந்தப் பாடு?”

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “எங்க அக்காளுக்கு மூணு ஓலையும் ஒழுங்காத்தான் வாசிச்சாங்க சார். கோவில் நெறைய ஜனம். எவனும் எழுந்து ஒரு வார்த்தை கேக்கல. அந்தாளுக்குக் கோலார்ல ஏற்கனவே ஒரு குடும்பம் இருந்திச்சி. ரெண்டு பசங்க.” டீயைக் குடித்து முடித்தார். “எவனும் கேக்கலன்னா அது ஓலை இல்ல சார். பேப்பர்ல வர்ற விளம்பரம்.”

இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அவருடைய மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் துபாயில். ஞாயிறு பூசை முடிந்ததும் டி.டி.ஆர். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். சில ஞாயிறு போன் வரும். பல ஞாயிறு பூத்காரர், “லைன் சரியா லேதண்டி” என்று மகனுக்காகத் தானே பொய் சொல்லி அனுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்தார். கையில் திருமண விண்ணப்பப் படிவம். வழக்கம்போல் யாருக்கோ தடை என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். மணமகன் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. மணமகள் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து, தம்பிகளைப் படிக்கவைத்து ஒருவனைக் கனடாவுக்கும் ஒருவனைக் குவைத்துக்கும் அனுப்பிவிட்டு, கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமலே ஓய்வு பெற்றவர். ஊசி ஸ்டெல்லா என்றால் ரேணிகுண்டா வரை தெரியும்.

“இது எப்போதிலிருந்து?” என்றேன்.

“வாரத்துக்கு ஒருநாள் பிரஷர் பாக்க வந்துக்கினு இருந்தாங்க சார்.” செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அப்புறம் எனக்குத் தெனம் பிரஷர் ஏற ஆரமிச்சிது.”

முதல் ஞாயிறு. சாமியார் ஓலையை வாசிக்க, கோவிலில் ஒருவரும் கறியை நினைக்கவில்லை. டி.டி.ஆரால் தாமதமான, தடுமாறிய, மானம்போன அத்தனை குடும்பங்களும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. பூசை முடிந்ததும் மரியதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்க ரூல்ஸ் தெரிஞ்சவரு. இன்னா சொன்னா நிக்கும்?”

பட்டியலைச் சொன்னேன். வயது குறைவா? மணமகனுக்கு அறுபத்தாறு. முந்தைய பந்தமா? மனைவியின் இறப்புச் சான்றிதழை மூன்று பிரதி கொடுத்திருக்கிறார். இரத்த உறவு? ஸ்டெல்லா இவரிடமிருந்து பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார். அது கணக்கில் வராது. மரியதாஸ் மனம் ஒடிந்துபோனார். பின்னர் எழுத்தில் ஒரு மனு கொடுத்தார்: ‘மாப்பிள்ளைக்கு நடத்தை சரியில்லை, எல்லோரையும் கேள்வி கேட்கிறார்.’ பரிசீலித்து நிராகரித்தேன்.

இரண்டாம் ஞாயிறு தாண்டி புதன்கிழமை, துபாயிலிருந்து ஃபாக்ஸ் வந்தது. பூத்காரர் படித்து, அவர் மனைவி படித்து, தெரு முழுக்கப் படித்த பிறகு, முகவரிக்காரனான என்னிடம் வந்து சேர்ந்தது. ‘இந்த வயதில் என் தந்தை செய்வது குடும்பத்துக்கு அவமானம். அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. திருமணத்தை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். நடந்தால் நான் இனிப் பேசப்போவதில்லை.’ கீழே மகனின் கையெழுத்து.

மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. அவமானம் பட்டியலில் இல்லை. நிராகரித்து, டி.டி.ஆரிடம் ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைத்தேன். ஆனால் தெரு படித்ததை அவர் மட்டும் எப்படிப் படிக்காமல் இருப்பார்? சனிக்கிழமை வழியில் பார்த்தபோது என்னோடு எதற்கும் சண்டைக்கு வரவில்லை. அது எனக்குக் கலக்கமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு. சாமியார் வாசித்து, “கடமைப்பட்டுள்ளார்கள்” என்று முடிக்கவும், ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் புதுமாப்பிள்ளை எழுந்து நின்றார்.

“சாமி, ஒரு தடை கீது.”

சாமியார் தான் எழுதிவைத்திருந்ததில் அடுத்த வரியைத் தேடினார். இதற்கு அடுத்த வரி இல்லை. தமிழ் அவரைக் கைவிட்டுவிட்டது. “மீரேனா?” என்றார்.

“நாந்தான் சாமி. மத்தவங்க கல்யாணத்துக்கெல்லாம் எழுந்து நின்னேன். எம் பையன் வேணாம்னு எழுதிக்கிறான். அவன் இங்க இல்ல. அவனுக்கோசரம் எழுந்து சொல்ல ஆளில்ல. அதான் நான் சொல்றேன்.” குரல் எப்போதும் போலக் கணீரென்றுதான் இருந்தது. கை மட்டும் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்தது. “எல்லாரும் கேட்டுக்குங்க. கேட்டுட்டு இன்னா முடிவோ சொல்லுங்க.”

அவர் உட்காரவில்லை. உண்மையிலேயே முடிவுக்காக நின்றார். வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருந்தால், குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். தனியாக.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்தார்.

“யோவ் டி.டி.ஆரு! அந்தப் பையன் பொறந்தப்ப தொப்புள்கொடி கட்டுன கை இது. மொதல் ஊசி போட்டதும் இந்தக் கைதான். அப்பவும் இப்பிடித்தான் கத்துனான், அப்புறம் சரியாப் போச்சி. அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ உக்காரு.”

“இல்ல சிஸ்டர், சபைல கேட்டுட்டு...”

“பெரிய தம்பிக்கு முடியட்டும், சின்னவனுக்கு முடியட்டும்னு முப்பது வருஷம் எல்லாரையும் கேட்டுகினே நின்னுக்கிறேன். எனக்குக் கால் வலிக்குது. உக்காருய்யான்னா!”

சாமியார் என்னைப் பார்த்தார். கோவிலே என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, பூசை நடுவில், முறைக்கு விரோதமாக நான் எழுந்தேன்.

“அது தடை ஆகாது, ஃபாதர். பூசையைத் தொடரலாம்.”

“ஆமென்!” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் மரியதாஸ். சொல்லிவிட்டோமே என்று அவரே திகைத்து நின்றிருந்தார். அதற்குள் கோவில் முழுக்க ஆமென் சொல்லி முடித்துவிட்டது. டி.டி.ஆர். உட்கார்ந்தார்.

புதன்கிழமை காலை கல்யாணம். ஸ்டெல்லாவின் தம்பிகள் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார்கள். துபாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. டி.டி.ஆர். தாலி கட்டும் முன் இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்க என்றுதான் எல்லோரும் நினைத்துச் சிரித்தார்கள்.

பூசை முடிந்து பதிவேட்டில் கையெழுத்து. பெண் சார்பில் சாட்சியாக ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் கையெழுத்திட்டார். மாப்பிள்ளை சார்பில் சொந்தம் என்று முன்னே வர ஆளில்லை. சாமியார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் பதிவேட்டில் சாட்சியின் பெயர், முகவரிக்குப் பக்கத்தில், ‘மணமகனுக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தாறு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் எந்தக் கட்டத்திலும் பொய்த் தகவல் எழுதாதவன் நான். ‘தம்பி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

டி.டி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போப்பாண்டவரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அப்புறம் என் காதருகே குனிந்தார். “யாரானா சரிபாக்க வந்தா மாட்டிக்குவடா. எங்க நைனா பேரு சவரிமுத்து. ஞாபகம் வெச்சிக்கோ.”

இதுவரை யாரும் சரிபார்க்க வரவில்லை. வந்தால் சொல்வதற்கு அந்தப் பெயரை மறக்காமல் வைத்திருக்கிறேன்.