நடுவில் ஓர் இரவு எங்கே?

ஊர் போய்ச் சேருகிறவர்கள் ஓர் இனம். வழியில் எங்கே தங்குவது என்று யோசித்தே ஆயுளைக் கழிக்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டாவது இனத்தைத் தேடி அலைய வேண்டாம். பர்மாவின் யாங்கூனில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சர்ஃபராஸே போதும்.

மகள் அப்ஸானா ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷமாகக் கைப்பேசியில் மட்டுமே முகம் பார்த்த பெற்றோரைக் காரில் ஏற்றி வெனிஸ் வரை கூட்டிப்போக அவளுக்கு ஆசை. விசாகூட வந்துவிட்டது, இந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். ஒரே மூச்சில் ஓட்ட முடியாதே, நடுவில் ஓர் இரவு எங்கே தங்கலாம் என்று அத்தாவைக் கேட்டாள். சின்னப் பெண், அனுபவம் போதாது.

அன்றிலிருந்து சர்ஃபராஸ், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் முன்பின் தெரியாத எவரெவரோ எழுதிவைத்த அபிப்பிராயங்களைப் படித்து, ஸ்ட்ராஸ்பூரில் விடுதி லிஃப்ட் குறுகலானதாம் என்று அதைத் தள்ளி, மியூனிக்கில் காரை நிறுத்த இடமில்லாமல் ஒரு புண்ணியவான் ஊரையே சுற்றினாராம் என்று அதையும் தள்ளி, இன்ஸ்புரூக்கில் காலைச் சாப்பாட்டில் முட்டை ஆறிப்போயிருந்ததாம் என்று ஒரு மலைநகரத்தையே உலகப் படத்திலிருந்து அழித்துவிட்டார். ஒரு முட்டை. அதுவும் வேறு யாரோ தின்ற முட்டை.

ஆற்றுக்கு அக்கரையில் கண்ணுக்குத் தெரிகிற டாலாவுக்கு இவர் படகேறியே பல வருஷம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இனம் தனியாக யோசிக்காது. நாலு பேரைக் கேட்கும். கேட்பது ஏற்பதற்கா? மறுப்பதற்கு. டீக்கடையில் பக்கத்துக் கடை உதயசூரியன் மாட்டினார்.

"கோ சர்ஃபராஸ்," என்று பர்மிய முறையில் அண்ணன் போட்டு அழைத்தார், "சூரிச்ல தங்குங்களேன்."

"தங்கலாம். அங்க எல்லாம் தீ விலையாமே."

"அப்ப பாசல்?"

"பாசல்ல பாக்க என்ன இருக்கு?"

"ராத்திரி தூங்கத்தானே போறீங்க. கண்ண மூடிக்கிட்டு என்னத்தப் பாக்கப்போறீங்க?"

சர்ஃபராஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க வெளிநாடு போனதில்ல. அதான் இப்படிப் பேசுறீங்க."

சிங்கப்பூரில் ஆறு வருஷம் வேலை பார்த்த உதயசூரியன் லப்பெயே டீயை உறிஞ்சினார்.

அப்ஸானா கெஞ்சினாள்: "அத்தா, ஊரச் சொன்னாத்தான் எத்தன நாள் லீவுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுக்க முடியும். வெள்ளிக்கிழமை தாண்டினா லீவு வேற ஆளுக்குப் போயிடும்."

"சொல்றேம்மா. அவசரப்பட்டா ஊர் தப்பாப் போயிடும்."

வெள்ளியும் வந்தது. ஜும்ஆ தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிலேயே இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். ஒருவர் ஸ்ட்ராஸ்பூர் என்றார், மற்றவர் மியூனிக் என்றார். சர்ஃபராஸுக்குத் திருப்தி, விஷயம் இன்னும் முடியவில்லை.

திங்களன்று மகள் கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை; அதுதான் மோசம். லீவு போய்விட்டது. மிஞ்சியது நாலே நாள். காரும் இல்லை, வெனிஸும் இல்லை. வந்தால் கொலோனில் சேர்ந்திருக்கலாம்.

சர்ஃபராஸின் மனைவி சமீனா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்ட மனிதர் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

"நாலு நாள்னா நாலு நாள். எம்புள்ள மொகத்தப் பாத்தாப் போதும்," என்றார்.

சர்ஃபராஸும் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டுகூட இருந்தார். பிறகு மெல்லக் கைப்பேசியை எடுத்தார்.

"அது சரி, நடுவுல ப்ளைட் மாத்தணுமே. பாங்காக்ல மாத்துறதா, சிங்கப்பூர்லயா?"

சமீனா மறுநாள் டிக்கெட் வாங்கிவந்தார். ஒன்று.

"நீங்க நல்லா விசாரிச்சிட்டு, பொறுமையா வாங்க."

சிரித்துக்கொள்ளுங்கள் வாசகரே, பாவமில்லை. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'இத்தனை குழப்பம் எதற்கு, லூசெர்னில் தங்கியிருக்கலாமே' என்று உங்கள் மனசு எங்காவது ஒரு வார்த்தை சொல்லிற்றா? அப்படியானால் இதை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யாராவது பெட்டி கட்டுகிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.