கருப்புக் கொடி: கையிருப்பில் உள்ளது

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்கள் தரைக்கடை வியாபாரிகள் சங்கத்தின் ஆன்லைன் கடையையும் கணக்கு சாப்ட்வேரையும் இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கிரிவலப் பாதையில் அகல்விளக்கு, ஊதுபத்தி, துணிப்பை விற்கிற எங்கள் உறுப்பினர்களின் சரக்கை ஆன்லைனிலும் விற்கிறோம். தொல்லை என்னவென்றால், கடை ஒன்று சொல்லும், கணக்கு ஒன்று சொல்லும். தீர்ந்துபோன விளக்குக்கு ஆர்டர் வரும். இரண்டையும் இணைத்துவிட்டால் கையிருப்பு தானாகவே சரியாகிவிடுமாம்.

செயலாளர் என்ற முறையில் நானே போனேன். நாற்பது வருஷப் போராட்டக்காரன். மூன்று தடவை சிறை. கல்லூரி வாசலுக்குப் போனது மறியலுக்கு மட்டும்தான், படித்ததெல்லாம் துண்டறிக்கையில். ஒரு சாப்ட்வேருக்கா பயப்படுவேன்!

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தஸ்லிமா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார்."

"சார்னு கூப்பிடாதம்மா. தோழர்னு கூப்பிடு."

"சரிங்க தோழர் சார்."

விட்டுவிட்டேன்.

"கணக்குல இருக்கிற ஸ்டாக் எல்லாத்தையும் கடைக்கு அனுப்பட்டுங்களா? இல்ல எது எதுன்னு டிக் பண்றீங்களா?"

"எங்க சங்கத்துல பாகுபாடே கிடையாதும்மா. எல்லாம் போகட்டும்!"

"ஒரு தடவை லிஸ்டைப் பாத்துடுங்களேன்."

"அது நானே உக்காந்து ஏத்தின லிஸ்ட்டும்மா!"

அதுதான் வினை. நான் ஏற்றிய லிஸ்டில் விளக்கும் ஊதுபத்தியும் மட்டும் இல்லை. முன்பு சங்கம் உடைந்தபோது பழைய பொருளாளர் எங்கள் பந்தல் துணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தடுத்தேன். "சங்கத்துதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார் அந்தத் துரோகி. எங்கும் எழுதவில்லை. அன்று முதல் சங்கத்தின் ஒவ்வொரு பொருளிலும் வெள்ளைப் பெயிண்டில் சங்கத்தின் பெயர். ஒவ்வொரு பொருளும் கணக்கு சாப்ட்வேரில்.

இப்போது ஒவ்வொரு பொருளும் விற்பனைக்கு!

எனக்குத் தெரிந்தது ஞாயிறு மதியம்தான். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் போன் செய்தார். பாதி எரிந்த கொடும்பாவி ஒன்று எங்கள் கடையில் பார்த்தாராம். எதிரே வைத்துத் தியானம் செய்ய வேண்டுமாம். கூடவே மண்ணெண்ணெய் கேனையும் வாங்கச் சொல்லிக் கடையே சிபாரிசு செய்கிறதே, அது எதற்கு என்று கேட்டார்.

பதறிப்போய், ஆர்டர்களைக் கட்டி அனுப்பும் எங்கள் துணைத்தலைவர் கன்னியம்மாளைக் கூப்பிட்டேன்.

"கன்னிம்மா, ஏதாவது ஆர்டர் போச்சா?"

"காலையிலேயே போயிடுச்சுண்ணே! பெரிய ஆர்டர்! கருப்புக் கொடி இருநூறு!"

மறுநாள் திங்கட்கிழமை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனுநாள். கிரிவலப் பாதைத் தரைக்கடைகளை எடுக்கப் போவதாகப் பேச்சு. எடுத்தால் கன்னியம்மாள் உட்பட அத்தனை பேருக்கும் பிழைப்பு போச்சு. அதற்குத்தான் கருப்புக் கொடி ஆர்ப்பாட்டம்.

"ஏம்மா, நாளைக்கு நமக்கே கொடி வேணுமேம்மா!"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, ஆர்டர் வந்தா கேள்வி கேக்காம அனுப்புன்னு?"

சொன்னேன். தீர்மானமாகவே போட்டிருந்தேன்.

வாங்கியவர் யார் என்று பார்த்தேன். லாட்ஜ் உரிமையாளர்கள் சங்கத் தலைவர் பலராமன். தரைக்கடையை எல்லாம் எடுக்க வேண்டும் என்று மனு மேல் மனு கொடுக்கிற அதே பலராமன்! ஓடினேன்.

"வாங்க செயலாளரே! கொடி பிரமாதம். டெலிவரியும் பாஸ்ட்டு. நாளைக்கு நாங்களும் ஆர்ப்பாட்டம் பண்றோம்ல, உங்களை எதுத்து!"

"அது விக்கிறதுக்கு இல்லைங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

"கையிருப்பில் உள்ளதுன்னு பச்சை எழுத்துல போட்டிருந்துச்சே? விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்னு வேற போட்டிருக்கீங்க."

அந்த வாக்கியமும் என்னுடையதுதான். மூன்று ஆச்சரியக்குறியோடு.

"மைக் செட்டும் ஜோரா இருக்குங்க" என்றார்.

மைக்குமா!

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாங்கள் நூறு பேர் வெறுங்கையோடு நின்றோம். கன்னியம்மாள் மட்டும் ஒரு கருப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்திலேயே பலராமன் கூட்டம் இருநூறு பேர். எல்லாரும் அவருடைய லாட்ஜ் ஊழியர்கள். கட்டுப் பிரிக்காத கொடிகள் அங்கேயே பிரிக்கப்பட்டன. பலராமன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆபீஸைப் பார்த்து மைக்கைப் பிடித்தார்.

கீ...ச்!

அந்த மைக்கை எனக்குத் தெரியும். தலையில் இரண்டு தட்டு தட்டாவிட்டால் கீச்சுச் சத்தம்தான் வரும், பேச்சு வராது. அந்த விவரம் மட்டும் எந்த சாப்ட்வேரிலும் ஏறவில்லை.

"அண்ணே," கன்னியம்மாள் என் கையைக் கிள்ளினார். "கொடியைப் பாருங்க!"

பார்த்தேன். இருநூறு கொடிகள். இருநூறிலும் வெள்ளைப் பெயிண்டில், சாண் உயர எழுத்தில், தரைக்கடை வியாபாரிகள் சங்கம்!

கொடி பிடித்திருந்த ஒரு லாட்ஜ் ஊழியர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, உங்க பேரு போட்டிருக்கே, பரவாயில்லையா?"

"நல்லா தூக்கிப் புடிப்பா!" என்றார் கன்னியம்மாள்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் ஓடி வந்தார். "ஏங்க, நூறு பேருக்குத்தானே அனுமதி வாங்கினீங்க? இவ்ளோ ஜாஸ்தியா கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"மக்கள் எழுச்சிங்க" என்றேன். கூசாமல்.

மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஒருவர் இறங்கி வந்து நேராக என் கையைப் பிடித்தார். "பேச்சுவார்த்தை முடியற வரைக்கும் ஒரு கடையையும் தொடமாட்டோம். எழுதியே தர்றோம். முதல்ல அந்த மைக்கை நிறுத்தச் சொல்லுங்க!"

பலராமன் அப்போதுதான் திரும்பிக் கொடிகளைப் பார்த்தார். மைக் அந்த நொடியில்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் கடைப் பக்கத்தில் அவருடைய விமர்சனம் வந்திருந்தது. ஒரு நட்சத்திரம். "துணி நல்ல துணி. பிரித்துப் பார்த்து வாங்கவும்."

தஸ்லிமா போன் செய்தார். "கொடி, கொடும்பாவி எல்லாத்தையும் கடையிலிருந்து தூக்கிடட்டுங்களா தோழர் சார்?"

"கொடும்பாவியைத் தூக்கிடும்மா. கொடி இருக்கட்டும். புதுசு தைக்கக் குடுத்திருக்கேன், தள்ளுபடி போடு."